பிரஷர் மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது?

(யூபிலி விழாவையொட்டி மூலக்குளத்தில் நடைபெற்ற மருத்துவ முகாமின் தொடக்கத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டென்று கோவிலுக்கு வெள்ளையடித்தாயிற்று, கொடிமரத்துக்கு வர்ணம் பூசியாயிற்று. இன்று நம் உடம்பைப் பார்க்க டாக்டர்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் மேசையில் அமர்வதற்கு முன் அரைமணி நேரம் பேசும்படி விழாக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். பிரசங்கமாக இருக்கவேண்டாம், வீட்டுக்குப் பயன்படுகிற விஷயமாக இருக்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தை நாம் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாம் வைத்தியர் அல்லர். ஆயினும் வீடு சந்திக்கப் போகுமிடத்தில், சுரூபத்துக்குப் பக்கத்திலேயே மாத்திரை அட்டை இருப்பதைக் காண்கிறோம். ஜெபம் முடிந்து காப்பி வருவதற்குள் மருந்துச் சீட்டும் நம் கைக்கு வந்துவிடுகிறது. அப்போது நம்மிடம் சொல்லப்படுபவை பெரும்பாலும் மூன்று. "சாமி, பிரஷர் நார்மலுக்கு வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்பது ஒன்று. "முன்பு ஒரு மாத்திரை கொடுத்தார்கள், இப்போது இரண்டு எழுதுகிறார்கள், நோய் முற்றிவிட்டதா சாமி?" என்பது இரண்டாவது. "என் மாத்திரை தீர்ந்துபோயிற்று, பக்கத்து வீட்டு அக்கா அவர்களுடையதில் நாலு கொடுத்தார்கள், எல்லாம் பிரஷர் மாத்திரைதானே?" என்பது மூன்றாவது. மாத்திரை உள்ளே போய் எந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த மூன்றுக்கும் விடை ஒன்றுதான் என்பது விளங்கும். ஆகவே அதையே இன்று எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் ஊர்ப் பக்கத்தில் பிரஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் இரத்த அழுத்தத்தைத் 'தான்சியோன்' என்பார்கள். இங்கிலீஷிலும் வைத்தியர்கள் அதை 'ஹைப்பர்டென்ஷன்' என்கிறார்கள். இலத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்கு இழுத்துக் கட்டுதல் என்று பொருள். மத்தளத்தின் தோலை வார் போட்டு இழுப்பதுபோல. இரத்தக் குழாயின் சுவர் விறைத்து நிற்பதைத்தான் அச்சொல் குறிக்கிறது. நம் மக்களோ டென்ஷன் என்றால் மனக்கவலை என்று எடுத்துக்கொண்டு, "எனக்கு ஒரு டென்ஷனும் இல்லையே, எனக்கு எப்படி பி.பி. வரும்?" என்கிறார்கள். கவலையே இல்லாத மனிதருக்கும் இது வரும். வந்ததே தெரியாமல் பல வருஷம் இருக்கவும் செய்யும். தலைவலி, மயக்கம் வந்தால்தான் பிரஷர் என்று எண்ணுவதும் சரியல்ல. பெரும்பாலோருக்கு ஒரு அடையாளமும் இராது.

இரத்தத்துக்கு அழுத்தம் உண்டு என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர் யார் தெரியுமா? ஒரு பங்குக் குரு! நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். இலண்டனுக்கு அருகில் டெடிங்டன் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் சபையின் குருவாக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர். ஒரு குதிரையைப் படுக்கவைத்துக் கட்டி, அதன் தொடையிலுள்ள இரத்தக் குழாயில் பித்தளைக் குழல் ஒன்றைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் உயரம் ஏறி நின்றது. இதை அவர் 1733இல் நூலாக வெளியிட்டார். (அவர் பங்கு மக்கள் இதைப்பற்றி என்ன பேசிக்கொண்டார்களோ!) மனிதருக்குக் குதிரைக்குச் செய்தபடி செய்ய முடியாதாகையால், கையில் பட்டை கட்டிக் காற்றடித்து அளக்கும் கருவியை 1896இல் இத்தாலியில் ரீவா ரோச்சி என்பவர் செய்தார். 1905இல் ரஷ்ய வைத்தியர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே குழல் வைத்துச் சத்தத்தைக் கேட்கும் முறையைக் கண்டார். நம் சீட்டில் 120க்கு 80 என்று எழுதுகிறார்களே, அதில் மேலெண் இருதயம் சுருங்கித் தள்ளும்போதுள்ள வேகம். கீழெண் இருதயம் இளைப்பாறும்போதும் குழாயில் நிற்கும் வேகம். 140க்கு 90 அல்லது அதற்கு மேலாகப் பல தடவை அளந்தும் இருந்தால் அது நோய்.

நம் கழனிக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரைத் தள்ளுகிறது. ரப்பர்க் குழாய் வழியே தண்ணீர் போகிறது. குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. அழுத்தம் ஏற மூன்று வழி உண்டு: மோட்டார் வேகமாக ஓடவேண்டும், அல்லது குழாய் குறுகவேண்டும், அல்லது உள்ளே ஓடும் தண்ணீர் அதிகமாக வேண்டும். உடம்பில் மோட்டார் இருதயம். குழாய் இரத்தக் குழாய்கள். தண்ணீரின் அளவைக் கூட்டிக் குறைக்கிற மதகுக்காரன் சிறுநீரகம். ஆனால் கிணற்றில் இல்லாத ஒன்று உடம்பில் உண்டு. இந்த மூவருக்கும் மேலே உத்தரவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூளையிலிருந்து நரம்பு வழியாக ஒரு உத்தரவு, சிறுநீரகத்திலிருந்து இரத்தத்தின் வழியாக ஒரு உத்தரவு. கழுத்திலுள்ள பெரிய குழாய்களில் அழுத்தத்தைக் கவனித்துச் சொல்லும் காவலாளிகளும் உண்டு. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் மயங்கி விழாமலிருப்பது இவர்கள் தயவால்தான்.

இங்கேதான் கவனிக்கவேண்டும். பல மாதம், பல வருஷம் அழுத்தம் ஏறியே இருந்தால், இந்தக் காவலாளிகள் அந்த ஏறிய அளவையே சரியான அளவென்று கொள்ளப் பழகிவிடுகின்றனர். பிறகு மாத்திரையால் அழுத்தத்தை இறக்கினால், உடம்பு "ஐயோ, குறைந்துபோயிற்றே" என்று அதைத் திரும்ப ஏற்றப் பார்க்கிறது. ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவைத் திறக்கிறது. பிரஷர் மாத்திரைகள் பலவகையாக இருப்பதன் காரணம் இதுதான்: ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு கதவை மூடுகிறது.

மாத்திரை இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பெரிய மனிதரைச் சொன்னால் போதும். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் அளந்தபோது 186க்கு 108 இருந்தது. உலக யுத்தத்தையே நடத்தியவர். உலகின் சிறந்த வைத்தியர்கள் கைகட்டி நின்றார்கள். கொடுப்பதற்குத் தக்க மருந்து இல்லை. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தம் கசிந்து விழுந்தபோது அவருடைய அழுத்தம் 300க்கு 190. அன்றே இறந்தார். அதே காலத்தில் அமெரிக்காவில் கெம்ப்னர் என்ற ஜெர்மானிய வைத்தியர் நோயாளிகளுக்கு வெறும் சோறும் பழமும் கொடுத்துச் சிலருக்கு அழுத்தத்தை இறக்கிக் காட்டினார். சோறு என்றதும் நம் தாய்மார்கள் முகத்தில் மகிழ்ச்சி தெரிகிறது! அந்தச் சோற்றில் உப்பு கிடையாது. குழம்பும் ஊறுகாயும் கிடையாது. பலரால் அதைத் தொடர முடியவில்லை என்பதில் வியப்பில்லை.

இந்த நிலையில் உலகத்துக்கு வழிகாட்டியது நம் நாட்டு வேர் ஒன்று. சர்ப்பகந்தி என்பது அதன் பெயர். தமிழில் சிவன் அமல்பொடி என்றும் சொல்வார்கள். பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் நம் முன்னோர் அதைக் கொடுத்துவந்தார்கள். அதன் தாவரப் பேரினத்துக்கு 'ராவுல்ஃபியா' என்று பெயர் வைத்தவர் பிளூமியே என்ற பிரஞ்சுத் துறவி. 1703இல், ராவுல்ஃப் என்ற பழைய ஜெர்மானிய வைத்தியரின் நினைவாக வைத்தார். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இவ்வேர் பித்தத்தைத் தணிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்பவர் வேரிலிருந்து சாரங்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் அஜ்மலின் என்று பெயரிட்டார். ஆயினும் மேல்நாடு இதைக் காதில் வாங்கியது 1949இல்தான். பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற பார்சி வைத்தியர், தம் நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்துக் கண்ட பலனை அவ்வாண்டு பிரிட்டனின் இருதய மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனியார் வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தார்கள்.

ரிசர்பின் மூடியது எந்தக் கதவு? நரம்பின் கதவு. நரம்பின் நுனியில் நுண்ணிய பைகள் இருக்கின்றன. "சுருங்கு" என்று குழாய்க்குச் சொல்லும் இரசாயனத்தை நரம்பு அவற்றில் சேமித்து வைக்கிறது. ரிசர்பின் அந்தச் சேமிப்பைக் காலியாக்கிவிடும். மூளை உத்தரவு போட்டாலும் எடுத்துப்போக ஆளில்லை, குழாய் தளர்கிறது. ஆனால் அதே இரசாயனம் மூளைக்குள்ளும் வேலை செய்வதால் சிலருக்கு மனச்சோர்வு உண்டாயிற்று, மூக்கடைத்தது. ஆகையால் இன்று இதை அரிதாகவே எழுதுகிறார்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் நாட்டு மருந்துக் கடையில் அந்த வேரைத் தேடிப் போகவேண்டாம். வேரில் சாரம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காட்டிலும் அச்செடி அருகிப்போயிற்று.

அழுத்தத்தை இறக்கினால் உயிர் தப்புமா என்ற கேள்வி அதற்குப் பிறகும் இருந்தது. எண் இறங்குகிறது, சரி, மனிதர் பிழைக்கிறாரா? அமெரிக்காவில் முன்னாள் இராணுவ வீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளில் எட்வர்ட் ஃபிரீஸ் என்பவரின் தலைமையில் இதைச் சோதித்தார்கள். நம் பங்கிலும் சொல்தா குடும்பங்கள் உண்டாகையால் இதைக் கேட்க ஆசையிருக்கும். கீழெண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களை எடுத்துக்கொண்டு, 73 பேருக்கு நீர் மாத்திரையும் ரிசர்பினும் ஹைட்ரலசினும் சேர்த்துக் கொடுத்தார்கள். 70 பேருக்கு அதே தோற்றமுள்ள வெறும் மாத்திரை. 1967இல் முடிவு வெளிவந்தது. வெறும் மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான கேடு நேர்ந்திருந்தது. மருந்து உண்டவர்களில் 2 பேருக்கு. அந்த மூன்று மருந்தில் ஒன்று நம் நாட்டு வேரிலிருந்து வந்தது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

இனி இன்று உங்கள் அட்டையில் இருப்பவற்றைப் பார்ப்போம்.

நீர் மாத்திரை என்று நாம் சொல்வது மதகுக்காரனிடம் வேலை செய்கிறது. 1957இல் அமெரிக்காவின் மெர்க் கம்பெனியில் முதலில் உண்டான வகை இது. இப்போது ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்ற பெயர்களில் எழுதுகிறார்கள். நம் இரு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் மிகப்பெரும் பங்கை உப்போடு திரும்ப இரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. திரும்பிப் போகும் உப்பின் ஒரு வாசலை இம்மாத்திரை அடைக்கிறது. உப்பு வெளியே போகிறது. உப்போடு நீரும் போகிறது. முதல் சில வாரம் அடிக்கடி எழுந்து போகவேண்டியிருக்கும், பிறகு குறையும். ஆனால் அழுத்தம் ஏறாது, ஏனெனில் அதற்குள் குழாய்களும் தளர்ந்துவிடுகின்றன. காலையில் உண்பது நல்லது, இல்லாவிட்டால் இராத்தூக்கம் போய்விடும். உப்போடு பொட்டாசியமும் போவதால் சிலருக்குக் கெண்டைக்காலில் தசை பிடிக்கும். கழனிக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் இருப்பது அதே சத்துதான்; ஆனால் அதைக் கழனிக்கே போடுங்கள்! வயதானவர்களுக்கு இரத்தத்தில் உப்புச் சத்து அளவுக்குமீறிக் குறைவதும் உண்டு. பாட்டி திடீரென்று நாள் கிழமை தெரியாமல் பேசினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அட்டெனலால், மெட்டோப்ரலால், ப்ராப்ரனலால் என்று பெயரின் கடைசியில் 'லால்' என்று முடிபவை மோட்டாரிடம் வேலை செய்கின்றன. நாய் துரத்தும்போது நெஞ்சு படபடக்கிறதே, அது அட்ரினலின் என்ற சாவி இருதயத்தின் பூட்டில் நுழைவதால் வருகிறது. இம்மாத்திரை அந்தப் பூட்டின் துவாரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாவி நுழைய இடமில்லை. இருதயம் நிதானமாக அடிக்கிறது. இந்த வகையைக் கண்ட ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. மாரடைப்பு வந்தவர்களுக்கும், நெஞ்சுவலி உள்ளவர்களுக்கும் இது பெரிய உபகாரம். வெறும் பிரஷருக்கு மட்டும் இப்போது இதை முதலில் எழுதுவதில்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக் குழாயைச் சுருக்கிவிடலாம். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். வியர்வை மட்டுமே அடையாளமாக நிற்கும். இதைத் திடீரென்று நிறுத்துவது அபாயம். பூட்டுகள் திறந்தவுடன் காத்திருந்த சாவிகள் எல்லாம் ஒன்றாக நுழைந்தால் என்ன ஆகும்? மாரடைப்பே வரலாம். பக்கத்து வீட்டு அக்காவின் நாலு மாத்திரை இந்த வகையாக இருந்து, வாங்கிச் சாப்பிட்டவருக்கு ஆஸ்துமா இருந்தால், அன்றிரவே ஆட்டோ பிடிக்கவேண்டியிருக்கும்.

அம்லோடிபின் என்பது இன்று நம் பங்கில் அநேகமாக வீட்டுக்கு ஒரு அட்டை. இது குழாயிடம் வேலை செய்வது. குழாயின் சுவரில் தசை இருக்கிறது. தசை சுருங்கவேண்டுமானால் அதற்குள் சுண்ணாம்புச் சத்து நுழையவேண்டும். அந்த நுழைவாசலை இம்மாத்திரை ஒடுக்குகிறது; தசை தளர்கிறது; குழாய் விரிகிறது. இந்த வழியை 1960களில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஃபிளெக்கன்ஸ்டைன் என்ற பேராசிரியர் விளக்கினார். சுண்ணாம்புச் சத்து என்றதும் பாலை நிறுத்திவிடாதீர்கள். சாப்பிடும் பாலுக்கும் இந்த வாசலுக்கும் சம்பந்தம் இல்லை. அம்லோடிபின் உடம்பில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆகையால் ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாக உண்ணவேண்டாம். வழக்கப்படி ஒன்றே போதும். சிலருக்கு இதனால் கணுக்கால் வீங்கும். உள்ளே போகும் சிறு குழாய்கள் விரிந்து, வெளியே வரும் குழாய்கள் அதே அளவு விரியாததால் நீர் கசிந்து காலில் தங்குவதே காரணம். கிட்னி போய்விட்டதென்று அழுதுகொண்டு வந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். டாக்டரிடம் காட்டினால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு வகையைச் சேர்ப்பார். தாமாக நிறுத்துவதுதான் கேடு.

அடுத்து வருவது சிறுநீரகம் போடும் உத்தரவு. இது சற்று நீளமானது, பொறுமையாகக் கேளுங்கள். அழுத்தம் குறைந்ததாகச் சிறுநீரகம் எண்ணினால் ரெனின் என்ற பொருளை இரத்தத்தில் விடுகிறது. கல்லீரலிலிருந்து வந்த ஒரு பொருளை ரெனின் வெட்டி, ஆஞ்சியோடென்சின் என்ற பொருளின் முதல் வடிவத்தை உண்டாக்குகிறது. அது ஒன்றும் செய்யாது. ஓலையில் முத்திரை விழாத உத்தரவுபோல. நுரையீரலின் குழாய்களில் இருக்கும் ஒரு என்சைம் அதை இன்னொரு முறை வெட்டுகிறது. முத்திரை விழுந்தாயிற்று. இந்த இரண்டாம் வடிவம் குழாயை இறுக்குகிறது. அத்துடன் சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பியைத் தூண்டி, உப்பை வெளியே விடாதே என்று மதகுக்காரனுக்கும் சொல்லியனுப்புகிறது. ஒரே உத்தரவில் இரண்டு வேலை.

இதை மடக்கும் வழி தெரியவந்தது பாம்பின் விஷத்தால்! பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்ற விரியன் உண்டு. அது கடித்தால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். செர்ஜியோ ஃபெரேரா என்ற பிரேசில் விஞ்ஞானி 1960களில் அவ்விஷத்திலிருந்து ஒரு சாரத்தைப் பிரித்து, இலண்டனில் ஜான் வேன் என்பவரின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். முத்திரை போடும் அந்த என்சைமை விஷம் தடுக்கிறது என்பது அங்கே விளங்கிற்று. அமெரிக்காவின் ஸ்குவிப் கம்பெனியில் கஷ்மன், ஒண்டெட்டி இருவரும் விஷத்தின் சாயலைப் பார்த்து வாயால் உண்ணத்தக்க மருந்தைச் செய்தார்கள். அதுவே 1981இல் அனுமதி பெற்ற காப்டோப்ரில். எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதன் தம்பிகள். பாம்புக்கடிக்குக் கொடுத்த வேர் ஒரு கதவை மூடியது, பாம்பின் விஷமே இன்னொன்றை மூடியது என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

முத்திரை போடும் அந்த என்சைமுக்கு வேறொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளை அழிப்பது. என்சைமைத் தடுத்தால் அது சேர்ந்துபோய்ச் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும். பூசை நேரத்தில் கோவிலில் கேட்கும் இருமலில் சில இந்த வகையைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும். இருமல் மருந்தாக எத்தனை பாட்டில் குடித்தாலும் போகாது. மாத்திரையை டாக்டர் மாற்றினால் போகும். மாற்றி எழுதுவது பெரும்பாலும் லோசார்டன், டெல்மிசார்டன் என்று 'சார்டன்' என முடிபவை. இவை முத்திரை போடுவதைத் தடுப்பதில்லை. உத்தரவு வந்து சேரும் பூட்டை அடைத்துவிடுகின்றன. ஆகவே இருமல் அரிது. லோசார்டன் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த இரண்டு வகையையும் சேர்த்து உண்பது நல்லதல்ல. சிறுநீரகத்துக்குக் கேடு அதிகம், பலன் அதிகமில்லை என்று 2008இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது.

இந்த இரு வகையிலும் மூன்று எச்சரிக்கை. கர்ப்பிணிகள் இவற்றை உண்ணக்கூடாது. வயிற்றிலுள்ள சிசுவின் சிறுநீரகம் கெடும். குழந்தைக்காகக் காத்திருக்கும் மருமகள் மாமியாரின் மாத்திரையில் ஒன்றைப் போட்டுக்கொள்வது விளையாட்டல்ல. இரண்டாவது, வாந்திபேதியால் உடம்பு வற்றியிருக்கும்போது இதைத் தொடரலாமா என்று உடனே டாக்டரைக் கேட்கவேண்டும். மூன்றாவது, இவை பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்திவைக்கும். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்த்திருக்கிறார்கள். மற்றவருக்கு நல்லது, இந்த மாத்திரை உண்பவரும் சிறுநீரக நோயாளியும் கேட்டுவிட்டுத்தான் வாங்கவேண்டும். இந்துப்பு என்பது வேறு. அதற்குப் பெருமை அதிகம், ஆனால் அதுவும் பெரும்பாலும் நம் மரக்காணத்து உப்பின் அதே சரக்குதான்.

இப்போது அந்த மூன்று கேள்விக்கு வருவோம்.

இரண்டு மாத்திரை ஏன்? நீர் மாத்திரையால் உப்பைக் குறைத்தால், சிறுநீரகம் ரெனினைக் கூட்டுகிறது. அந்தக் கதவையும் ஒரு சார்டனால் மூடினால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஒரே மாத்திரையை இரட்டிப்பாக்கினால், பலன் கொஞ்சம் கூடும், தொந்தரவு நிறையக் கூடும். வேறு வகை ஒன்றைச் சேர்த்தால், இரட்டிப்பாக்குவதைவிட ஏறக்குறைய 5 மடங்கு அழுத்தம் இறங்குகிறது என்று 42 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2009இல் எழுதினார்கள். எனவே இரண்டாவது மாத்திரை எழுதினால் நோய் முற்றியதென்று அர்த்தமில்லை. டாக்டருக்கு மெடிக்கல் கடையில் பங்கிருக்கிறது என்றும் அர்த்தமில்லை.

மாற்றி உண்ணலாமா? மேலே சொன்னதே விடை. ஒருவர் வீட்டுச் சாவி அடுத்தவர் வீட்டுக் கதவுக்கு ஆகாது.

நார்மலுக்கு வந்தபின் நிறுத்தலாமா? நார்மல் என்பது கதவு மூடியிருப்பதால் வந்த நார்மல். கையை எடுத்தால் கதவு திறந்துகொள்ளும். உடனே திறக்காது, ஒரு வாரம், ஒரு மாதம் ஆகும். அதுதான் ஏமாற்று. "நிறுத்திப் பத்து நாளாயிற்று, ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள். குருப்பட்டம் பெற்ற நாள்முதல் பல பங்குகளில் நோயில்பூசுதல் கொடுக்கப் போயிருக்கிறோம். ஒரு கை விழுந்து, பேச்சுக் குழறி, வாய்க்கோணலோடு படுத்திருப்பவரின் தலைமாட்டில் உட்கார்ந்து மனைவியைக் கேட்டால், எத்தனையோ வீடுகளில் ஒரே பதில்: "நல்லாயிட்டதுன்னு அவரே நிறுத்திட்டார் சாமி." அப்படிப்பட்டவர்களில் ஒருவர் கொத்தனார், கரணை பிடித்த கை. அவருக்கு அப்போது கடைசிப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு. அவர் நிறுத்திய மாத்திரையின் விலை ஒரு நாளைக்கு ஒரு டீயின் விலைகூட இராது. எடை குறைந்து, உப்புக் குறைத்து, நடந்து பழகியவர்களுக்கு அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ முடிவதும் உண்டு. அதை அளந்து பார்த்துப் படிப்படியாக டாக்டர் செய்யவேண்டும்.

கோவில் சம்பந்தமாக ஒன்று சொல்வது நம் கடமை. காலைப் பூசைக்கு வரும் தாய்மார்கள் சிலர், நன்மை வாங்கவேண்டும் என்பதற்காக மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். பழைய காலத்தில் நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாமல் இருந்த பாட்டிமார் கற்றுத்தந்த பழக்கம் அது. தண்ணீர் உபவாசத்தை முறிக்காது என்று 1953இலேயே பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அறிவித்துவிட்டார். 1964 முதல் உபவாசம் நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் மட்டுமே. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் தண்ணீரும் மருந்தும் அதை முறிக்காது என்று தெளிவாகச் சொல்லுகிறது. தவக்காலத்து ஒருசந்தி நாளிலும் மாத்திரை மாத்திரைதான். அதை விடுவது தபசு ஆகாது. நோயாளிகளை ஒருசந்தி கட்டுப்படுத்தாது.

இன்னொன்று, மூட்டுவலிக்கென்று கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை. அது உப்பை உடம்பில் தங்கவைத்து அழுத்தத்தை ஏற்றும். நீர் மாத்திரையோடும் சார்டனோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தை அடிக்கும். நாற்று நட்டு இடுப்பு வலிக்கிறதென்று தினமும் அதை விழுங்குபவர்கள் இன்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னையிலுள்ள ஆராய்ச்சியாளர்கள் நாடு முழுவதும் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, வயதுவந்தோரில் 100க்கு 35 பேருக்கு மேல் இரத்த அழுத்தம். நம் புதுச்சேரிக்கோ சர்க்கரையிலும் 100க்கு 26 என்று நாட்டிலேயே முன்வரிசை இடம். ஆக இங்கே கூடியிருப்பவர்களில் மூன்றில் ஒருவர் மேசையில் பெயர் பதியவேண்டியவர் என்று கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கோரிமேட்டு ஜிப்மரிலும் பார்த்துக்கொள்ள வழியிருக்கிறது. தூரம் ஒரு சாக்கல்ல.

டாக்டர்கள் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் முதல் மேசை அளப்பதற்கு, இரண்டாவது சீட்டுப் பார்ப்பதற்கு. அளப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். இப்போதுதான் காப்பி குடித்தவர்களும் புகைபிடித்தவர்களும் அரைமணி கழித்துப் போகலாம். உண்ணும் மாத்திரைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்தையும் சேர்த்து, அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் அச்சிட்ட மூலையைக் கத்தரித்து எறிந்தவர்கள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் புது அட்டையை எடுத்துவரட்டும். முதியவர்களுக்கு முன்னே இடம் விடுங்கள்.